மெஹர் என் வீட்டில் கை நனைத்த கதை

எங்கள் வீட்டுக் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. கண்ணாடி போட்ட பெரிய படம். அன்று சாயங்காலம் அந்தக் கண்ணாடியில், சரியாக ஆண்டவரின் தாடிக்குக் கீழே, ஒரு ரொட்டித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ரோஸ்மில்க் நிறத்தில் உருகிய சீஸில் முக்கியெடுத்த துண்டு. அது மெதுவாகக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. நாங்கள் நாலு பேரும் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சேசுவே!" என்றார் என் வீட்டுக்காரர் சகாயராஜ். அது ஜெபமா, படத்திலிருப்பவரிடம் கேட்ட மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் துண்டைப் பறக்கவிட்டது நான்தான். மெஹருன்னிசாவின் வாய்க்கும் ரொட்டிக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்தபோது அவள் கையை ஓங்கித் தட்டினேன். விருந்துக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, வாய்க்குப் போனதைத் தட்டிவிட்ட புண்ணியவதி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வாரம் இதே பக்கத்தில் என் கல்யாணப் பந்தல் காற்றில் சாய்ந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சகாயராஜ் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பந்தல் போட்டது அவருடைய சித்தப்பா. இந்த வாரம் அவர் நிம்மதியாகப் படிக்கலாம். குற்றவாளி நான் மட்டும்தான்.

பதினெட்டு வருஷத்து டீ

நானும் மெஹரும் கலாவதியும் காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்கள். நடை என்பது டாக்டருக்காகச் சொல்வது. கால் நடப்பதைவிட வாய் நடப்பதுதான் அதிகம்.

முதலில் நானும் மெஹரும் மட்டும்தான். எனக்கு அடுத்த தெரு அவளுக்கு. வீட்டிலேயே சேலை வியாபாரம் செய்கிறவள். நான் அப்போது பத்திர ஆபீஸில் டைப்பிஸ்ட். பிறகு அம்பகரத்தூரிலிருந்து குடிமாறி வந்த கலா சேர்ந்துகொண்டாள். ரிட்டயரான கணக்கு டீச்சர். பிறவியிலிருந்தே சைவம். நாங்கள் அளக்கும் வம்பில் தப்பு கண்டுபிடித்துத் திருத்துவது அவள் வேலை.

பெருநாளுக்குப் பெருநாள் மெஹர் வீட்டிலிருந்து எனக்குப் பிரியாணி வந்துவிடும். நானும் வெட்கமில்லாமல் அடிச்சட்டி வரை வழித்துச் சாப்பிடுவேன். ஆனால் பதினெட்டு வருஷத்தில் அவள் என் வீட்டில் ஒரு தடவைகூடக் கை நனைத்ததில்லை.

வருவாள். உட்காருவாள். என் மாமியாரைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்பாள். டீ குடிப்பாள். பாக்கெட்டை அவள் கண்முன்னால் பிரித்தால் பிஸ்கட். தோல் உரிக்காத வாழைப்பழம். அதற்கு மேல் கிடையாது. சாப்பிடச் சொன்னால் "இப்பத்தான் புள்ள சாப்புட்டு வந்தேன்" என்பாள். காலை பத்து மணிக்கும் இப்பத்தான், சாயங்காலம் நாலு மணிக்கும் இப்பத்தான்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டுப் பன்றிக்கறி வாசனை மூன்று தெரு தள்ளிப் போகும். அடுத்த தெருவுக்குப் போகாமலா இருக்கும்? அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆனாலும் எனக்கு வலித்தது. என் அம்மா இறந்த அன்று என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதவள் அவள். அவளுக்கு என் கையால் ஒரு வாய் சோறு போட முடியவில்லை என்றால் அதென்ன சிநேகிதம்? சகாயராஜிடம் சொன்னால், "அவங்க அவங்க வழக்கம், விடு" என்பார். விட முடிந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்?

பெட்டியில் வந்த சட்டி

என் நாத்தனார் ரோஸ்லின் பிரான்சில் இருக்கிறாள். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, காரைக்காலில் எல்லோரும் பிரெஞ்சில்தான் கொட்டாவி விடுகிறோம் என்று. உள்ளபடி எங்களிடம் மிஞ்சியிருக்கும் பிரான்ஸ் என்பது போலீஸ்காரர் தொப்பியும் பேக்கரியில் நீள ரொட்டியும்தான். மீதியை ரோஸ்லின் லீவுக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவருவாள்.

ஒரு தடவை அவித்த முட்டையை உட்காரவைக்கும் கிண்ணம் கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் முட்டை உட்காரும் நேரம்கூடக் கிடையாது, நேரே வாய்க்குப் போய்விடும். அந்த வருஷம் கொண்டுவந்தது ஒரு ஃபோண்டு செட்டு. சிவப்புச் சட்டி, அதற்கு மூன்று கால் ஸ்டாண்டு, அடியில் வைக்க ஒரு குட்டி விளக்கு, ஆறு நீளமான முள்கரண்டிகள்.

"அண்ணி, இதுல சீஸ உருக்கி நடுவுல வச்சிட்டு, எல்லாரும் சுத்தி உக்காந்து ரொட்டியக் குத்திக் குத்தி முக்கிச் சாப்புடணும். ரொட்டிய உள்ள தவற விட்டவங்க ஒரு பாட்டுப் பாடணும். அங்க குளிர்காலத்துல நாலு சிநேகிதங்க சேந்தா இதான்" என்றாள்.

"சரி, இங்க குளிர்காலம் வந்ததும் தந்தி அடிக்கிறேன்" என்றேன்.

கூடவே ஒரு துண்டு சீஸும் கொண்டுவந்திருந்தாள். அதை ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு, இரண்டு நாள் சகாயராஜ் டார்ச் லைட்டோடு செத்த எலி தேடினார்.

பெட்டியைப் பிரிக்கப் போனபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. புத்தம் புதுச் சட்டி. எங்கள் வீட்டு அடுப்பே பார்க்காத சட்டி. சீஸ் என்பது பால், ரொட்டி என்பது மாவு. இதில் மெஹர் சாப்பிட என்ன தடை?

மறுநாள் நடையில் விஷயத்தைச் சொன்னேன். கலா நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"ஒரே சட்டியிலயா? வாயில வச்ச கரண்டிய மறுபடி அதுக்குள்ளயே விடுறதா? எச்சில் பண்டம்டி அது!"

கலா தன்னுடைய சொந்த பாட்டில் தண்ணீரையே அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறவள். தன் எச்சிலே தனக்கு ஆகாது.

மெஹர் சிரித்தாள். "எங்க வூட்டுக் கல்யாணத்துல ஒரு சஹனச் சுத்தி நாலு பேரு உக்காந்து ஒரே தட்டுல சாப்புடுறோம். எங்களுக்கு என்ன ஆயிப்போச்சு? சேந்து சாப்புட்டாத்தான் பரக்கத்து, சோறு பெருகும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சட்டி புதுசா பிலோ?"

"இன்னும் பெட்டிய விட்டே எடுக்கல."

"அதுல ஒயினு ஊத்துவாங்கன்னு என் மருமவ போன்ல பாத்துட்டுச் சொன்னாளே?"

"ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப வர்றேன். சனிக்கெழம வந்து சாப்புடுறேன்."

அன்று சந்தோஷத்தில் இன்னொரு சுற்று நடந்தேன். என் முழங்கால் மூன்று நாள் என்னைத் திட்டியது.

பச்சைப் புள்ளி

நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் பிற்பாடு என் புத்தி போன போக்கை நீங்கள் சரியாகத் திட்ட முடியும்.

பிரான்சுக்குத் திரும்பிவிட்ட ரோஸ்லினுக்கு போன் போட்டு, அந்த எலி வாசனைச் சீஸ் எதில் செய்தது என்று கேட்டேன். "பால்தான் அண்ணி. உறையிறதுக்குக் கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்குற ஒண்ணு போடுவாங்க" என்றாள். போச்சு. அது சைவக்காரி கலாவுக்கும் ஆகாது, ஹலாலா என்று தெரியாமல் மெஹருக்கும் ஆகாது. அதைச் சகாயராஜுக்கு ஒதுக்கிவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் போய்ப் பச்சைப் புள்ளி போட்ட மொஸரெல்லா பாக்கெட்டாகப் பார்த்து வாங்கினேன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கப் பொடி எழுத்தெல்லாம் படித்தேன். பத்திர ஆபீஸில் வில்லங்கச் சான்றிதழைக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

கலாவின் எச்சிலுக்கும் வழி கண்டேன். கரண்டியை வாயில் வைக்காமல் ரொட்டியைத் தட்டில் உருவிப் போட்டுக் கையால் சாப்பிட வேண்டியது. "அப்படின்னா வர்றேன். எதுக்கும் என் கரண்டிய மட்டும் தனியா வையி" என்றாள்.

சாராயம் வேறு, ஒயின் வேறு

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

காரைக்காலில் பாட்டிலுக்குப் பஞ்சம் கிடையாது. பக்கத்து மாநிலத்திலிருந்து பூவம் எல்லையைத் தாண்டி உள்ளே வருகிற ஆம்பிளைகளைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் சனீஸ்வரனைக் கும்பிடத்தான் வந்ததாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் குடிகாரர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலம் வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் பீங்கான் ஜாடியில் கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் போட்டுத் துணி கட்டி வைப்போம். தினம் மரக்கரண்டியால் கிண்டிவிடுவோம். கிறிஸ்துமஸுக்கு வடிகட்டி எல்லோருக்கும் கொடுப்போம். சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு மூடி உண்டு.

அதை நாங்கள் யாரும் சாராயம் என்று நினைப்பதில்லை. அது பலகாரக் கணக்கு. கல்கல், அதிரசம், கேக், ஒயின். என் மாமியார் சொட்டு பிராந்தி நாற்றம் அடித்தாலும் சகாயராஜை வாசலில் நிறுத்திவைத்தவர். அவரே சளிக்கு நல்லதென்று மூன்று தம்ளர் ஒயின் குடித்துவிட்டு ஜெபமாலையில் ஒரே மணியைப் பத்துத் தடவை உருட்டியிருக்கிறார்.

அந்த வருஷத்து ஒயினில் ஒரு பாட்டில் என் சமையலறை அலமாரியில், வினிகருக்கும் புளி ஜாடிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

பந்து

சனிக்கிழமை நாலு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மெஹர் செருப்பைக் கழற்றும்போதே, "மத்தியானம் சாப்புடல பிலோ. வயித்தக் காயப்போட்டு வந்துருக்கேன்" என்றாள். 

கூடத்தில் மேஜை நடுவில் ஸ்டாண்டு. அதன் கீழே, விளக்குக்கு ஊற்ற வேண்டிய ஸ்பிரிட் கிடைக்காததால், ஈஸ்டர் ராத்திரிப் பூசையிலோ எதிலோ மிஞ்சிய கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகள். சகாயராஜ் ரொட்டியை ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் அடுப்படியில் சட்டியில் பூண்டு தேய்த்து, பாலைச் சூடாக்கி, துருவிய சீஸைப் போட்டுக் கிண்டினேன். முதலில் நன்றாகத்தான் உருகியது. பிறகு எல்லாம் ஒன்றாகக் கூடி ஒரு பந்து ஆனது. பால் தனியே தண்ணீராக ஓடியது. கரண்டியைத் தூக்கினேன், பந்தோடு சட்டியும் மேலே வந்தது. தீயைக் கூட்டினேன், இன்னும் இறுகியது. குறைத்தேன், அப்போதும் இறுகியது.

"என்ன புள்ள, வாசன தூக்குது!" என்று கூடத்திலிருந்து மெஹர் சத்தம் கொடுத்தாள்.

"இதோ, ரெண்டு நிமிஷம்!"

என் முதுகு வேர்த்துவிட்டது. பதினெட்டு வருஷம் காத்திருந்து, இவளுக்கு ரப்பர் பந்தையா போடப்போகிறேன்? ஒயின் விட்டால்தான் சீஸ் கூடிவரும் என்று ரோஸ்லின் அன்று போனில் சொன்னது காதில் கேட்டது. கை தானாக அலமாரிக்குப் போனது. தானாக என்பது பொய். நான்தான் எடுத்தேன், நான்தான் மூடியைத் திறந்தேன், நான்தான் ஊற்றினேன். அரைத் தம்ளர்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிமிஷத்தில் பந்து கரைந்து, கிண்டக் கிண்டக் கஞ்சிபோல் பளபளவென்று கூடிவந்தது. ரோஸ் கலரில்.

ரொட்டித் தட்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்ற சகாயராஜ் பாட்டிலைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிலோ?"

"வாய மூடிக்கிட்டு ரொட்டிய எடுத்துட்டு வாங்க."

கொதித்தால் போதையெல்லாம் ஆவியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டு ஒயின்தானே, பலகாரம்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். கூடத்துக்கு நடந்த பத்து எட்டுக்குள் எனக்கு நானே பாவமன்னிப்பும் கொடுத்தாகிவிட்டது. ஃபாதருக்கே அவ்வளவு வேகம் வராது.

பிஸ்மில்லாஹ்

"என்னடி இது ரோஸா இருக்கு?" என்றாள் கலா. கணக்கு டீச்சர் கண்ணில் எதுவும் தப்பாது.

"பீட்ரூட்டு. கலருக்குக் கொஞ்சம் சாறு விட்டேன்."

சகாயராஜுக்கு இருமல் வந்தது.

"பாக்கவே அழகா இருக்கு. நாந்தான் மொதல்ல" என்று மெஹர் கரண்டியை எடுத்தாள். ரொட்டியைக் குத்தினாள், சட்டியில் முக்கினாள், ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். நூல் நூலாக வந்ததைப் பார்த்துச் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். ஊதி ஆற்றினாள். "பிஸ்மில்லாஹ்" என்றாள்.

என் வீட்டுச் சாப்பாட்டுக்கு அவள் சொன்ன முதல் பிஸ்மில்லாஹ். அதைக் கேட்டதும் அவள் கையை ஓங்கித் தட்டிவிட்டேன். கரண்டி ஒரு பக்கம் போனது, ரொட்டி ஆண்டவரிடம் போனது.

"சாப்புடாத மெஹர். ஒயின் ஊத்திட்டேன். பீட்ரூட்டு இல்ல."

ரொட்டி கண்ணாடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

சகாயராஜின் 'சேசுவே'வுக்குப் பிறகு கலாதான் வாயைத் திறந்தாள். "ஏன்டி, சீஸ் கூடலைன்னா ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கலாமே? கொல்லையில மரம் நெறையாக் காய்ச்சித் தொங்குதே!"

அது சரியென்று பிறகு ரோஸ்லினும் சொன்னாள். புளிப்புதான் வேண்டுமாம், ஒயின்தான் வேண்டும் என்றில்லையாம். அந்த நேரத்தில் கலாவின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

மெஹர் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "ஊத்துனத விடு, பதட்டத்துல ஊத்திருப்ப. பீட்ரூட்டுன்னு சொன்னியே, என் மொகத்தப் பாத்துச் சொன்னியே!"

அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை விட்டாள். நான் பின்னாலேயே போய் நின்று அழுதேன். அழகாக இல்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். "நீ எங்க வீட்டுல சாப்புடணும்னு எனக்கு அவ்வளவு ஆச மெஹர். பன்னிக்கறி வக்கிற வீடுன்னு நீ சாப்புட மாட்டேங்கிறது எனக்குத் தெரியாதா? அதான் புதுச் சட்டின்னு..."

அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பன்னிக்கறிச் சட்டிக்காகவா நா பதினெட்டு வருசமா இங்க சாப்புடலைன்னு நெனச்ச? சட்டியத் தேச்சுக் கழுவிப்புடலாம். சமைக்கிறவ உள்ள என்ன போட்டான்னு சொல்லுவாளா மாட்டாளான்னுதான் எனக்குத் தெரியல. ஒவ்வொரு தடவையும் ஒன்னய நிக்க வச்சுக் கேட்டா நீ கோச்சுக்குவ. அதான் வாயத் தொறக்கல."

நான் மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"இப்பத் தெரிஞ்சிபோச்சு" என்றாள். செருப்பிலிருந்து காலை எடுத்தாள். "நீ பொய் சொல்லுவ. ஆனா வாய்க்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிப்புடுவ. எனக்கு அது போதும். பசிக்குது பிலோ, வேற என்ன இருக்கு?"

வேறு என்ன இருக்கும்? மத்தியானம் வடித்த சோறு இருந்தது. கிளிஞ்சல்மேட்டு மீன்காரியிடம் வாங்கிய சங்கரா மீன் போட்டுக் காலையில் வைத்த குழம்பு மண்சட்டியில் கொஞ்சம் கிடந்தது. விருந்துக்கு வந்தவளுக்கு ஆறிப்போன சோறா என்று தயங்கினேன். அவளே என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போய் மண்சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"இந்தச் சட்டியில வேற எதாச்சும்...?"

"இல்ல. இது மீனுக்கு மட்டுந்தான், வாங்குன நாள்லேருந்து. கறிச் சட்டி அலுமினியம், அது பரண்மேல கெடக்கு. மீன், புளி, தேங்காப்பால், மாங்கா. வேற ஒண்ணும் இல்ல. நல்லெண்ணெய் தாளிச்சேன். அதயும் சொல்லிப்புடுறேன்."

"போதும் போதும்" என்றாள்.

பதினெட்டு வருஷமாக அந்த மண்சட்டி என் அடுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதை அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

கூடத்தில் கலாவும் சகாயராஜும் ரோஸ் கலர் சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "மெஹருக்கு ஆகாதுன்னு தட்டிவுட்ட, சரி. எனக்கு ஒயின் ஆகுமா ஆகாதான்னு யாரும் கேக்கவே இல்லையே" என்று கலா குறைப்பட்டுக்கொண்டாள். ஆகுமா என்று சகாயராஜ் பணிவாகக் கேட்டார். ருசி பார்த்துச் சொல்கிறேன் என்றவள், அவர் கரண்டியும் தன் கரண்டியும் ஒரே சட்டியில் முட்டிக்கொள்வதைக்கூடக் கவனிக்காமல் பாதியைக் காலி செய்தாள்.

மெஹர் அடுப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையைக் கழுவி, பிஸ்மில்லாஹ் சொல்லி, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். இரண்டாவது வாய் வைத்தாள். மூன்றாவது வாய்க்குப் பிறகு நிமிர்ந்தாள்.

"கொழம்புல உப்பு பத்தல" என்றாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னுங் கொஞ்சம் சோறு போடு" என்றாள்.